புதிய பதிப்புச் செய்தியோடு அதன் முடிவுத் தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துபோனதை ஒட்டி, பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் நான் படித்தவரைக்கும் அந்தக் கட்டுரைகளில் எப்படித் தரவிறக்குவது, பென் டிரைவில் எப்படி ஏற்றுவது, திரை எப்படி இருக்கும் என்பதெல்லாம் வருகிறது, போடுகிற பதிப்புக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பது மட்டும் வருவதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்வர்களையும் அலுவலகக் கணினிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்ன அலுவலகத்தில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். 12 கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ், அவர்களே ஆர்வத்தோடு உட்கார்ந்து போட்டது. பிரிண்டருக்கான மென்பொருளைப் போடலாம் என்று டெர்மினலைத் திறந்து அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன். வரிசையாக 404, 404 என்று, அதாவது கேட்ட கோப்பு அங்கே இல்லை என்று, வந்துகொண்டே இருந்தது. முதலில் இணையத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த கணினிக்குப் போனேன், அங்கேயும் அதே. அப்புறம்தான் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். அது இரண்டு நீண்டகாலப் பதிப்புகளுக்கு நடுவே வரும், 9 மாதம் மட்டுமே ஆதரவு உள்ள இடைப்பதிப்பு. காலம் முடிந்த பதிப்புகளின் மென்பொருள் தொகுப்புகளைக் கொஞ்ச நாள் கழித்து முக்கிய சர்வரிலிருந்து எடுத்து பழையவற்றுக்கான காப்பகத்துக்கு நகர்த்திவிடுவார்கள், அதனால்தான் 404. அந்த 12 கணினிகளுக்கும் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு திருத்தம்கூட வந்து சேரவில்லை. பிரவுசரும் அதே வயசுப் பழசு, அதில்தான் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். "இருந்ததிலேயே பெரிய எண்ணைப் பார்த்துத்தானே சார் போட்டோம், அதுதானே லேட்டஸ்ட்?" என்று கேட்டார் அதைப் போட்டவர். அவர் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. பெரிய எண் நல்ல எண் என்று நினைப்பது இயல்புதான், வேறு மாதிரி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை வைத்து இதைச் சொன்னால் சுலபமாகப் புரியும். அதன் பதிப்பு எண்ணே வெளியான ஆண்டும் மாதமும்தான். 24.04 என்றால் 2024 ஏப்ரல், 24.10 என்றால் அதே ஆண்டு அக்டோபர். ஆறு மாதத்துக்கு ஒன்று வரும், இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது மட்டும் எல்.டி.எஸ்., அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2024 கடைசியில் ஒருவர் உபுண்டு போட உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 24.04-ம் இருக்கிறது, 24.10-ம் இருக்கிறது. பின்னதுதான் புதுசு என்று அதைப் போட்டிருந்தால் 2025 ஜூலை 10-ஆம் தேதியோடு கதை முடிந்தது. ஆறு மாதம் பழசான 24.04-ஐப் போட்டிருந்தால் 2029 வரை கவலை இல்லை. எண்ணில் இருக்கும் வித்தியாசம் அரை வருடம், ஆயுளில் வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு வருடம். இது ஒளித்துவைத்த தகவல் இல்லை, வெளியிடுகிறவர்கள் பகிரங்கமாகச் சொல்லித்தான் வெளியிடுகிறார்கள். இடையில் செய்தி எழுதுகிறவர்கள் கையில்தான் அது விழுந்துவிடுகிறது.

எல்.டி.எஸ். என்று போட்டிருந்தாலே 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பழைய கணினிக்கு லேசாக இருக்கும் என்று எல்லாரும் சிபாரிசு செய்கிற சுபுண்டு, லுபுண்டு மாதிரியான கிளை வடிவங்களின் எல்.டி.எஸ். பதிப்புக்கு 3 ஆண்டுதான். மூல உபுண்டுவிலும் 5 ஆண்டு முழு உத்தரவாதம் மெயின் என்ற தொகுப்பில் உள்ளவற்றுக்கு. யூனிவர்ஸ் என்ற பெரிய தொகுப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் முடிந்தபோது முடிந்தவரை திருத்துவார்கள். உபுண்டு ப்ரோ என்பதில் பதிவு செய்துகொண்டால் இரண்டு தொகுப்புகளுக்கும் 10 ஆண்டு வரை வரும், தனிநபருக்கு 5 கணினி வரை அது இலவசம். இது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? லினக்ஸில் பல வருடம் ஊறியவர்களே இதைக் கேட்டு "அப்படியா?" என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம் ஆதரவு. டெபியன் என்ற லினக்ஸ் வேறு ரகம். தேதி குறித்துக்கொண்டு வெளியிடும் வழக்கமே அங்கே கிடையாது, தயாரானதும் வரும் என்பார்கள். 2002 ஜூலையில் வந்த பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூன் வரை வரவில்லை, அவ்வளவு நாள் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போதெல்லாம் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று ஒரு மாதிரி பழகிவிட்டது, 2021-ல் 11, 2023-ல் 12, 2025 ஆகஸ்டில் 13. மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் எல்.டி.எஸ். குழு ஒன்று பொறுப்பெடுத்து இன்னும் இரண்டு ஆண்டு. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை, 13-க்கு 2030 ஜூன் வரை. பழைய கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 32 பிட் செயலி மட்டுமே உள்ள பழைய கணினியில் நேரடியாக நிறுவ முடிந்த கடைசி டெபியன் 12-தான், 13-ல் அதற்கான நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் இல்லை. பழைய கணினிக்கு லினக்ஸ் என்று தலைப்பு போடும்போது இதைச் சொல்லாமல் விட்டால், படிக்கிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணடிப்பார்.

பழைய பதிப்பைப் பரிந்துரைப்பது ஆபத்தில்லையா என்று சிலர் கேட்பார்கள். பழசு வேறு, கைவிடப்பட்டது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது நினைவிருக்கும். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் இருந்த பிழை, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை யார் வேண்டுமானாலும் உருவிக்கொண்டு போகலாம் என்ற நிலை. ஓப்பன்எஸ்எஸ்எல்லை உருவாக்குகிறவர்கள் 1.0.1ஜி என்ற புதுப் பதிப்பை வெளியிட்டுச் சரிசெய்தார்கள். அன்றைக்கு டெபியன் 7-ல் இருந்தது 1.0.1இ. டெபியன்காரர்கள் ஜி-யைத் தூக்கி வைக்கவில்லை. பழைய இ-யிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்து, பெயரின் வாலில் இருந்த டெப்7யூ4 என்பதை டெப்7யூ5 என்று மாற்றி அனுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே இ-தான். உள்ளே ஓட்டை இல்லை. பேக்போர்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான், புதியதில் செய்த திருத்தத்தைப் பழையதற்கு இறக்கிக் கொடுப்பது. இன்றைக்கும் சர்வரில் ஓட்டை தேடும் ஏதாவது ஒரு ஸ்கேனர் மென்பொருளை ஓட்டிவிட்டு "உங்கள் சர்வரில் பழைய பதிப்பு இருக்கிறது, ஆபத்து" என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். வால் எண்ணைப் பாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

பேக்போர்ட் சின்ன வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை நானே செய்து பார்த்தேன். புதிய பதிப்பில் வந்த திருத்தம் மொத்தமே நான்கு வரி. பழைய நிரலில் அதை ஒட்டப் போனால் ஒட்டவில்லை, ஏனென்றால் நடுவில் யாரோ அந்தச் செயற்கூறின் பெயரை மாற்றி, இரண்டாகப் பிரித்து, வேறு கோப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய நிரலில் அதே பிழை இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. நான்கு வரியை எழுதுவதற்கு அரை மணி நேரம், அது வேறு எதையும் உடைக்கவில்லை என்று சோதித்துப் பார்க்க இரண்டு நாள். செய்து முடித்த பின் காட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை, திரையில் எதுவும் மாறாது, யாரும் கைதட்டப் போவதில்லை. இதை வாரம் தவறாமல், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது.

மெதுவாகப் போவதால் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்று உண்டு. 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்த எக்ஸ்இசட் விவகாரத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். கோப்புகளைச் சுருக்க உதவும் சின்ன மென்பொருள் அது, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ரௌண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழைய உதவும் மென்பொருள்) வழியாக உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டப்போய் அதைக் கண்டுபிடித்தார். அரை நொடி! நம்மில் எத்தனை பேர் அதைப் பொருட்படுத்தியிருப்போம்? அந்தப் பதிப்புகள் அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைக்கும், ஃபெடோராவின் வெளிவராத அடுத்த பதிப்புக்கும், ஓப்பன்சூஸேயின் டம்பிள்வீடு மாதிரி இடைவிடாமல் புதுப்பிக்கப்படுபவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் 12-ல் இருந்தது 5.4 வரிசை, ஒன்றும் ஆகவில்லை. வரவிருந்த உபுண்டு 24.04-இன் பீட்டாவை, அதாவது சோதனை வெளியீட்டை, ஒரு வாரம் தள்ளிவைத்து, அந்தக் கள்ளக் கதவு சேர்ந்த பின் உருவான எல்லா மென்பொருள் தொகுப்புகளையும் மறுபடி உருவாக்கினார்கள். புதியதை உடனே எடுத்துக்கொள்ளாமல் கொஞ்ச காலம் ஆறப்போடும் முறைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதற்காகத் தொடாமலே வைத்திருந்தால் பத்திரம் என்று அர்த்தமில்லை. 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அடுத்த நாள் காலையிலிருந்து எனக்கு ஓயாமல் அழைப்புகள். நேற்று வரை ஓடிய சர்வர் இன்று வேறு சர்வரோடு பேச மாட்டேன் என்கிறது, சான்றிதழ் செல்லாது என்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை, எதையும் மாற்றாமல் வைத்திருந்ததுதான் காரணம். ஆதரவில் இருந்த பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் முன்கூட்டியே வந்துவிட்டது, கைவிடப்பட்டவற்றுக்கு யார் அனுப்புவார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் நீண்டகாலப் பதிப்பு என்ற பேச்சே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு மட்டும் திருத்தம், அதாவது எந்தப் பதிப்புக்கும் சுமார் ஒரு வருடம்தான். பத்து வருடம் உட்கார்ந்துவிட்டு ஒரே தாவாகத் தாவுவதைவிட அடிக்கடி சின்ன அடியாக வைப்பது எளிது என்பது இந்த முறையில் கிடைக்கும் லாபம். அதில் நியாயம் இருக்கிறது. உபுண்டுவில் ஒரு எல்.டி.எஸ்.-இலிருந்து அடுத்த எல்.டி.எஸ்.-க்குத்தான் போக முடியும், டெபியனிலும் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதை ஆதரிப்பதில்லை. எட்டு வருடம் தூங்கிவிட்டு எழுந்தால் ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும், நடுவில் எந்தப் படியில் கால் வழுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மேம்படுத்த நேரமும் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் அது சரிவரும். வீட்டுக் கணினி, சின்ன அலுவலகம், பள்ளிக்கூடம் என்றால் என் ஓட்டு நீண்டகாலப் பதிப்புக்குத்தான், இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

தேதி போடுங்கள் என்று கேட்கிறேனே, அந்தத் தேதியே மாறினால்? மாறியிருக்கிறது. சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸின் 8-ஆம் பதிப்பு வெளியானது 2019 செப்டம்பரில், 2029 வரை ஓடும் என்று நம்பித்தான் எல்லாரும் போட்டார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வந்தது, 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்று. ஏழு வருடத்துக்கு மேல் அப்படியே வெட்டப்பட்டது. அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7 தன் பழைய தேதியான 2024 ஜூன் 30 வரை ஓடியது, ஆக புதியதற்கு ஆசையாக மாறியவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். அதன் இடத்தை நிரப்ப ராக்கி லினக்ஸும் ஆல்மாலினக்ஸும் சில மாதங்களிலேயே எழுந்து நின்றன, மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது நடந்தது, அந்தப் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லினக்ஸ் கெர்னலிலும் நீண்டகால வரிசைகளுக்கு 6 ஆண்டு ஆதரவு என்று 2017-ல் வந்தது, 2023-ல் இனிமேல் 2 ஆண்டு என்று சுருக்கிவிட்டார்கள். 6 ஆண்டுப் பழைய கெர்னலை ஓட்டுகிறவர்கள் குறைவு, அதைப் பார்த்துக்கொள்ளும் கைகளோ அதைவிடக் குறைவு.

அதனால் தேதியோடு சேர்த்து, அதுவரை அந்த வேலையைச் செய்யப்போவது யார், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. டெபியனின் எல்.டி.எஸ். 2014-ல் தொடங்கியபோதே அதைச் செய்பவர்களுக்கு நிறுவனங்கள் சேர்ந்து பணம் தரும் ஏற்பாட்டோடுதான் தொடங்கினார்கள், ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. இன்னும் ஐந்து ஆண்டு கூடுதலாக வேண்டுமென்றால் அதற்கும் அங்கேயே காசு கொடுத்து வாங்கலாம். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. நான் மேலே சொன்ன நான்கு வரிக்கு மூன்று நாள் ஆனதே, அந்த மூன்று நாளுக்கு யாரோ சாப்பாடு போட வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்றால் ஓசி என்று நினைத்துக்கொண்டு, நூறு சர்வர் வைத்து நடத்தும் நிறுவனங்கள்கூட ஒரு காசும் கொடுக்காமல் "ஏன் ஆதரவை நிறுத்தினீர்கள்?" என்று சண்டைக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சட்டங்களே இப்போது தேதியைக் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும். மென்பொருள் அடங்கிய பொருளை விற்பவர், பாதுகாப்பு ஆதரவு எந்த மாதம் எந்த ஆண்டு வரை என்று வாங்கும்போதே தெரியும்படி சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கும் ரௌட்டர், கேமரா, டிவி என்று பலவற்றுக்கு உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்பதால் இது நம் பேச்சோடு நேரடியாகச் சேர்ந்தது. லாபநோக்கில்லாமல் நிரல் எழுதும் தனிநபர்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதுவும் சரிதான்.

அந்த அலுவலகத்தின் 12 கணினிகளுக்கும் அப்புறம் டெபியன் போட்டேன். ஒவ்வொரு மானிட்டரின் பக்கவாட்டிலும் ஒரு சின்னத் தாளில் "ஜூன் 2028" என்று எழுதி ஒட்டினோம், வேறு ஒன்றும் எழுதவில்லை. இப்போது அவர்களே போன் செய்து, அடுத்ததற்கு எப்போது மாறலாம் என்று கேட்கிறார்கள்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அடுத்த முறை ஒரு புதிய வெளியீடு பற்றி எழுதும்போது, புது ஐகான்கள், புது வால்பேப்பர் பற்றிய பத்திக்கு முன்னாலேயே, இந்தப் பதிப்புக்கு எந்த மாதம் எந்த ஆண்டு வரை திருத்தம் வரும், அதைத் தருவது யார், இதே இயங்குதளத்தில் இதைவிட நீண்ட ஆயுள் உள்ள பதிப்பு வேறு ஏதாவது இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலும் இந்த விவரம் இருக்கிறது, எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்காகவும் ஒரு தனிப் பெட்டிச் செய்தி போட முடிந்தால் போடுங்கள், தங்கள் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்கும் வழியோடு. எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் ஒரு வாசகர்